மூளையும் முழம் பூவும்

(இரண்டாம் ஆண்டு, இளநிலை அறிவியல் – விலங்கியல்)

“இவனுக்குப் படிப்பு ஏறாது.”

இந்த மூன்று சொற்களைக் கேட்காத வீடு எங்கள் தெருவில் அரிது. பெரியபாளையத்தில், பவானியம்மன் கோயிலுக்குப் பூக்கட்டி விற்றும், கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு விடியற்காலையில் வேன் ஏறியும் பிழைக்கின்ற தெரு அது. என் அப்பாவுக்கு ஐந்தாம் வகுப்பில் இதைச் சொன்னார்கள், நின்றுவிட்டார். அம்மாவுக்கு யாரும் சொல்ல வேண்டிய தேவையே வரவில்லை. மூன்றாம் வகுப்பு முடிந்ததும் கைக்குழந்தையாக இருந்த தங்கையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் வேண்டியிருந்தது. எங்கள் இருவழிப் பரம்பரையிலும் கல்லூரி வாசற்படி மிதித்த முதல் ஆள் நான். 2025ஆம் ஆண்டு காலாண்டுத் தேர்வு முடிந்தபோது அதே மூன்று சொற்கள் பத்தாம் வகுப்பில் படிக்கும் என் தம்பியைத் தேடி வந்தன. கணக்கில் நூற்றுக்குப் பத்தொன்பது. “கைத்தொழில் ஏதாவது கற்றுக்கொடுங்கள், பிழைத்துக்கொள்வான்” என்று அப்பாவிடம் சொல்லி அனுப்பினார்கள்.

சொன்னவர் கெட்ட எண்ணத்தில் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. வகுப்பு நிறையப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவருக்கு ஆயிரம் வேலை. அப்பாவும் கோபப்படவில்லை. அதுதான் என்னை உறுத்தியது. தமக்குச் சொன்னதையே மகனுக்கும் சொல்கிறார்கள் என்றவுடன், ஏதோ குடும்பத்தில் ஓடுகிற வியாதி போல அதை ஒப்புக்கொண்டு, கவரைப்பேட்டையில் சித்தப்பாவுக்குத் தெரிந்த ஒர்க்‌ஷாப்பில் பேசி வைத்துவிட்டார். பொதுத்தேர்வு வரைக்கும் தவணை.

எனவே, நண்பர்களே, பக்கம் நிரப்புவதற்காக இக்கட்டுரையை நான் எழுதவில்லை. படிப்பு என்பது மண்டைக்குள் ‘ஏறுகிற’ ஒரு பொருள்தானா, சில மண்டைகளில் ஏறாமல் வழிந்துவிடுமா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. கற்கும்போது மூளைக்குள் என்னதான் நடக்கிறது?

விலங்கியல் மாணவி என்பதால் மனிதனை விட்டுவிட்டு ஒரு கடல் நத்தையிடமிருந்து தொடங்குகிறேன், பொறுத்தருள்க. அப்ளீசியா என்பது அதன் பெயர். தலையில் முயற்காது போல இரண்டு நீட்சிகள் இருப்பதால் கடல்முயல் என்றும் அழைப்பர். மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள். இதற்கோ மொத்தமே சுமார் 20,000. அவற்றிற் சில வெறும் கண்ணுக்கே தெரியுமளவு பெரியவை. ‘எளிய உயிரியிடம் கேட்டால் எளிய விடை கிடைக்கும்’ என்று எண்ணி இதைத் தேர்ந்தெடுத்தவர் எரிக் காண்டெல். இந்த ஆராய்ச்சிக்காக 2000ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பெற்ற மூவரில் ஒருவரானார்.

கடல்முயலின் நீர்க்குழலை மெல்லத் தொட்டால் அது செவுளைச் சுருக்கிக்கொள்ளும். தொட்டுக்கொண்டே இருந்தால், ‘இது ஆபத்தில்லாத தொல்லை’ என்று பழகிப்போய்ச் சுருக்குவதைக் குறைத்துவிடும். இதுவும் ஒரு படிப்புத்தான். 1972இல் காண்டெல் குழுவினர் ஒன்றைக் கண்டனர். நாளைக்குப் பத்துமுறை வீதம் நான்கு நாள் தொட்டால், கற்ற பாடம் வாரக்கணக்கில் நிற்கிறது. அதே நாற்பது முறையையும் ஒரே நாளில் தொட்டுத் தீர்த்துவிட்டால் அவ்வளவு நிற்பதில்லை! தேர்வுக்கு முந்திய இரவில் ஐந்து பாடத்தையும் விழுங்கப் பார்க்கும் நம் விடுதி நண்பர்களுக்கு இந்த நத்தை ஒரு பாடம் சொல்கிறது.

அதைவிட எனக்கு முக்கியமாகப்பட்டது வேறு. நெடுநாள் நிற்கும் நினைவு உண்டாகும்போது நரம்பணுக்களுக்கிடையே உள்ள இணைப்புகளின் எண்ணிக்கையே மாறுகிறது. அதற்காக அணு புதிதாகப் புரதம் செய்துகொள்கிறது. அஃதாவது, கற்றபின் இருக்கும் மூளை கற்கும் முன் இருந்த மூளையன்று. ஒன்றை மூளைக்குள் ஊற்றுவதில்லை. மூளையே கொஞ்சம் கொஞ்சமாக வளைந்து வேறாகிறது. வளைவதற்கு நாளாகும், இடைவெளி வேண்டும், தூக்கம் வேண்டும். பகலில் கற்றது நிலைபெறும் வேலையில் பெரும்பகுதி இரவில் தூங்கும்போது நடக்கிறது. எங்கள் ஊரில் ஆடி பிறந்துவிட்டால் வாராவாரம் திருவிழாக் கூட்டம். சனிக்கிழமை இரவே வண்டி வண்டியாக வந்து இறங்குவார்கள். கடையில் கைக்கு ஆள் வேண்டும் என்று தம்பி நள்ளிரவு தாண்டியும் விழித்திருப்பான். அந்த வாரங்கள் முடிந்த கையோடு காலாண்டுத் தேர்வு வரும். இதையும் அந்தப் பத்தொன்பது மதிப்பெண் கணக்கில் யாராவது சேர்த்திருக்கலாம்.

இனி, நம்மிடையே உலவும் மூளை வைத்தியங்கள் சிலவற்றைப் பார்ப்போம். வெண்டைக்காய் தின்றால் கணக்கு வரும் என்பது தமிழ்நாட்டின் பொதுச் சொத்து. என் தம்பி தின்ற வெண்டைக்காய்க்கு அவன் இந்நேரம் இராமானுஜன் ஆகியிருக்க வேண்டும்! நல்ல காய்தான், நார்ச்சத்தும் உயிர்ச்சத்தும் உண்டு, கணக்குச் சத்து மட்டும் இல்லை. வல்லாரை லேகியத்துக்கும் தேர்வுக் காலத்தில்தான் மவுசு. உணவுக்கும் படிப்புக்கும் தொடர்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. இரும்புச்சத்தும் அயோடினும் குறைந்த குழந்தையின் மூளை உண்மையாகவே பின்தங்கும். பசித்த வயிற்றோடு பாடம் கவனிக்க முடியாது. 1982இல் விரிந்த சத்துணவும் 2022இல் வந்த காலை உணவும் மூளைக்குச் செய்ததை எந்த லேகியமும் செய்ததில்லை. சத்துணவு வரிசையில் தட்டோடு நின்றவள் என்ற உரிமையில் சொல்கிறேன்.

‘மூளையில் பத்தில் ஒரு பங்கைத்தான் நாம் பயன்படுத்துகிறோம்’ என்பது இன்னொன்று. மேடைப் பேச்சாளர்களுக்கு மிகவும் பிடித்தது. நம் உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு உள்ள மூளை, உடலின் ஆற்றலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கைச் செலவழிக்கிறது. சும்மா இருக்கிற ஒன்பது பேருக்கு இவ்வளவு சோறு போட எந்த உடம்பும் இசையாது. இடமூளைக்காரர் கணக்கில் புலி, வலமூளைக்காரர் கலையில் புலி என்பதும் அப்படியே. இரு பாதிகளையும் ஏறத்தாழ 20 கோடி இழைகள் பிணைத்திருக்கின்றன. வலிப்பு நோய்க்காக அந்தப் பிணைப்பைத் துண்டித்தவர்களை ஆராய்ந்து ரோஜர் ஸ்பெரி 1981இல் நோபல் பரிசு பெற்றார். அந்த ஆய்வு துண்டிக்கப்பட்டவர்களைப் பற்றியது. துண்டிக்கப்படாத நமக்கு அதைப் பொருத்தி விற்றவர்கள் வேறு ஆட்கள்.

‘நடுமூளையைத் தூண்டுகிறோம், உங்கள் பிள்ளை கண்ணைக் கட்டிக்கொண்டு படிப்பான்’ என்ற விளம்பரத் துண்டுத்தாள் எங்கள் ஊருக்கும் வந்தது. அதிற்கண்ட கட்டணம் அப்பாவின் ஒரு மாதச் சம்பளத்துக்கும் மேல். நடுமூளை செய்கிற வேலைகள் நம் பாடத்திலேயே இருக்கின்றன: கண்ணசைவு, பாவை சுருங்குதல், ஒலி கேட்டவுடன் திரும்புதல் இன்னபிற. அது பிறந்தது முதல் விழித்துக்கொண்டுதான் இருக்கிறது. யாரும் தட்டி எழுப்ப வேண்டியதில்லை. கண்கட்டின் கீழே, மூக்கோரத்து இடைவெளி வழியாகப் பிள்ளைகள் பார்த்துச் சொல்கிறார்கள் என்பதை நரேந்திர நாயக் போன்ற பகுத்தறிவாளர்கள் மேடையிலேயே காட்டிவிட்டனர். பொய் சொல்லப் பிள்ளைக்குப் பயிற்சியும் கொடுத்து, அதற்குப் பெற்றோரிடம் பணமும் வாங்குவதை என்னென்பது!

இவற்றைவிடப் படித்தவர்களிடமே வேரூன்றிய நம்பிக்கை ஒன்று உண்டு. சிலர் கண்ணால் கற்பவர், சிலர் காதால் கற்பவர், சிலர் கையால் கற்பவர். அவரவர் வகைக்கேற்பப் பாடம் நடத்தினால்தான் விளங்கும் என்பது அது. 2012இல் வெளியான ஆய்வொன்றில் இங்கிலாந்து, நெதர்லாந்து நாட்டு ஆசிரியர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் இதை நம்புவதாகத் தெரிந்தது. ஆனால் இதற்கான சான்றுகளை 2008இல் உளவியல் அறிஞர் நால்வர் ஒன்றாக அலசியபோது, வகைக்கேற்ற போதனையால் தேர்ச்சி கூடியது என்பதற்குப் போதிய ஆதாரம் கிடைக்கவில்லை. விருப்பம் வேறு, கற்றல் வேறு. தம்பிக்குப் படம் பார்ப்பது பிடிக்கும் என்பதற்காகப் பின்னம் அவனுக்குப் படத்தால் மட்டுமே விளங்கும் என்றாகாது. தவளையின் இதயத்தைப் படம் பார்த்துத்தான் கற்க முடியும். குயிலின் குரலைக் கேட்டுத்தான் கற்க முடியும். எப்படிக் கற்பது என்பதைப் பொருளே சொல்லிவிடும்.

‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா’ என்ற பழமொழியில் பாதி உண்மை உண்டு. மொழியின் ஒலிகளைப் பிடிப்பதில் குழந்தைக்கு ஈடு யாருமில்லை. மற்றப் பாதிக்கு விடை இலண்டனில் இருக்கிறது. அங்கே டாக்சி ஓட்ட உரிமம் பெற வேண்டுமானால் ஏறத்தாழ 25,000 தெருக்களை மனத்தில் வைத்திருக்க வேண்டும். படிப்பவர்கள் எல்லாரும் வளர்ந்த ஆட்கள். அவர்களுடைய மூளையை 2000ஆம் ஆண்டில் ஆராய்ந்தபோது, இட நினைவுக்குரிய ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியின் பின்புறம் மற்றவர்களைக் காட்டிலும் பெரிதாக இருந்தது. எத்தனை ஆண்டு ஓட்டினார்களோ அவ்வளவுக்குப் பெரிது.

ஹிப்போகாம்பஸ் என்றதும் என் அம்மாவின் நினைவு வருகிறது. சிரிக்காதீர்கள், காரணம் உண்டு.

1953இல் அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்ற இளைஞருக்குக் கடுமையான வலிப்பு நோய் தீர, மூளையின் இருபுறமும் இந்தப் பகுதியை வெட்டி எடுத்தனர். வலிப்பு குறைந்தது, ஆனால் அதன்பின் நடந்த எதுவும் அவர் நினைவில் தங்கவில்லை. ஐந்து நிமிடம் முன்பு கைகுலுக்கியவரை மறுபடி புதிதாக வணங்குவார். பிரெண்டா மில்னர் என்ற ஆய்வாளர் அவரிடம் ஒரு வேலை கொடுத்தார்: கண்ணாடியில் தெரியும் தலைகீழ்ப் பிம்பத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு நட்சத்திரத்தைக் கோடு தாண்டாமல் வரைய வேண்டும். மூன்று நாள் பயிற்சி. ஒவ்வொரு நாளும், ‘இதை நான் முன்பு செய்ததே இல்லை’ என்பார் மொலைசன். கையோ நாளுக்கு நாள் தேறிக்கொண்டே போனது! தலை மறந்ததைக் கை மறக்கவில்லை. நினைவு என்பது ஒரே பெட்டியன்று, கைப்பழக்கத்துக்கு வேறு வழி, செய்திக்கு வேறு வழி என்று உலகம் கற்றது அவரிடந்தான். 2008இல் இறக்கும்வரை ஆராய்ச்சிக்கு ஒத்துழைத்த அம்மனிதருக்கு, தாம் செய்த உதவி நினைவில் தங்கியதே இல்லை.

இப்போது அம்மாவைப் பாருங்கள். வாழைநாரை இடக்கையில் சுற்றி, இரண்டிரண்டாகப் பூவை எதிரெதிரே வைத்து முடிச்சிடும்போது அவர் கையைப் பார்ப்பதே இல்லை. எதிர்வீட்டுச் சண்டைக்குத் தீர்ப்பு சொல்லிக்கொண்டே ஒரு பந்து பூவைக் கட்டி முடிப்பார். எனக்கும் அந்தக் கை வந்திருக்கிறது. ஆனால் ‘எப்படி முடிச்சிடுகிறாய்?’ என்று யாராவது கேட்டால் கை நின்றுவிடும், சொல்லத் தெரியாது. அப்பா கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பாலையில் ஒப்பந்த ஆள். உலையிலிருந்து வரும் கம்பியின் நிறத்தைப் பார்த்தே அது உருளைக்குப் பதமா இல்லையா என்று சொல்வார். இவர்கள் இருவருக்கும் ‘படிப்பு ஏறவில்லை’. மூளை என்னவோ ஒருநாளும் சும்மா இருந்ததில்லை.

கைப்பழக்கத்தோடு அம்மாவிடம் கணக்கும் இருக்கிறது. முழம் இன்ன விலை, ஒன்றேகால் முழம் கேட்டால் எவ்வளவு, ஐந்நூறு ரூபாய் நோட்டுக்கு மீதி எவ்வளவு என்று கூட்ட நெரிசலில் தாள் இல்லாமல் சொல்வார். இதை அதிசயமாக எண்ண வேண்டாம். பிரேசில் நாட்டின் ரெசிஃபி நகரத் தெருக்களில் இளநீரும் எலுமிச்சையும் விற்கும் சிறுவர்களை மூன்று ஆய்வாளர்கள் ஆராய்ந்து 1985இல் எழுதினர். விற்கும்போது நூற்றுக்கு 98 கணக்கைச் சரியாகச் சொன்ன அதே பிள்ளைகள், அதே கணக்கைத் தாளில் வெறும் எண்ணாகக் கொடுத்தபோது 37தான் சரியாகச் செய்தனர். கொல்கத்தா, தில்லிச் சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகளிடம் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ முதலியோர் நடத்திய ஆய்வு 2025இல் ‘நேச்சர்’ இதழில் வந்தது; அதுவும் இதையே சொல்கிறது. கூடவே ஒன்று: சந்தைக்குப் போகாத பள்ளிப் பிள்ளைகள் பாடக் கணக்கைப் போட்டார்கள், சந்தைக் கணக்கில் தடுமாறினார்கள். ஆக, இரண்டு பக்கமும் மூளை கற்றிருக்கிறது. இரண்டுக்கும் நடுவே பாலம்தான் இல்லை. பாலம் கட்ட வேண்டியது பள்ளியா, பிள்ளையா?

தம்பியின் கணக்கு நோட்டை வாங்கிப் பார்த்தேன். பத்தாம் வகுப்புப் பாடத்தில் அவன் இடறவில்லை. கால் கூட்டல் அரைக்கால் என்பதற்கு, மேலெண்ணை மேலெண்ணோடும் கீழெண்ணைக் கீழெண்ணோடும் கூட்டிப் பன்னிரண்டில் இரண்டு என்று எழுதியிருந்தான். பின்னம்! அது எப்போது சொல்லிக்கொடுக்கும் பாடம் என்று கணக்குப் போட்டேன். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பள்ளிகளை மூடியபோது அவன் நாலாம் வகுப்பு. ஐந்தாம் வகுப்பு முழுதும் போயிற்று. 2021 நவம்பர் 1இல் சிறிய வகுப்புகளுக்குப் பள்ளி திறந்தபோது ஆறாம் வகுப்பில் பாதி போயிருந்தது. வீட்டில் இருந்த ஒரு போனும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். இல்லம் தேடிக் கல்வி வந்தபின் பக்கத்துத் தெரு அக்கா ஒருவர் மாலையில் கூட்டி வைத்துச் சொல்லிக்கொடுத்தார். அந்தப் புண்ணியத்தில் வாசிப்பு தப்பியது. பின்னம் தப்பவில்லை. அடித்தளத்தில் இரண்டு செங்கல் உருவியிருக்கிறது. மேல்மாடியில் நின்றுகொண்டு ‘மண் சரியில்லை’ என்கிறோம்.

அன்று சாயங்காலம் பூக்கட்டும்போது இதை அம்மாவிடம் சொன்னேன். அம்மா எழுந்துபோய் உழக்கையும் ஆழாக்கையும் எடுத்து வந்தார். உழக்கு என்பது கால்படி, ஆழாக்கு என்பது அரைக்கால்படி என்பது விடுதியில் சாப்பிடும் நண்பர்களுக்குத் தெரியாமலிருக்கலாம்.

“இன்னாடா இது, ஒழக்குல ரெண்டு ஆழாக்கு. அதோட ஒண்ணு சேந்தா மூணு ஆழாக்கு. படிக்கு எட்டு ஆழாக்கு. இதுக்கா மூஞ்சிய தொங்கப் போட்டுக்கினு கீற?”

எட்டில் மூன்று! தம்பி நோட்டையும் உழக்கையும் மாறிமாறிப் பார்த்தான். “அப்ப கீழ இருக்கறது அளவு பேரு மாதிரியா-க்கா? அதைக் கூட்டக் கூடாதா?” என்றான். ஐந்து வருடம் காத்திருந்த கேள்வி அது.

அவன் படித்த முறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ‘சத்தம் போட்டுப் படி’ என்பதுதான் எங்கள் வீடுகளில் கல்விக் கொள்கை. சத்தம் கேட்டால் அடுப்படியில் இருப்பவருக்கு நிம்மதி. தம்பி நோட்ஸை நாலுமுறை, ஐந்துமுறை பாட்டுப்போலப் படிப்பான்; ஐந்தாம் முறை வழுக்கிக்கொண்டு போகும்; தெரிந்துவிட்டது என்று மூடி வைப்பான். இதை 2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலார் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடமே சோதித்திருக்கின்றனர். ஒரு சாரார் ஒரு பகுதியை நான்கு தவணையும் படித்தனர். மற்றொரு சாரார் ஒரு தவணை படித்து, மூன்று தவணை தாளை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதினர். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது, படித்துக்கொண்டே இருந்தவர்கள் முந்தினர். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது அவர்களுக்கு நினைவிருந்தது நூற்றுக்கு 40. மூடிவைத்து எழுதியவர்களுக்கு 61. வேடிக்கை என்னவென்றால், ‘எனக்கு நன்றாக நினைவிருக்கும்’ என்று அதிகம் நம்பியவர்கள் அந்த 40 பேர்வழிகள்தாம்! கண்ணுக்குப் பழகிப்போவதை மூளை ‘தெரியும்’ என்று எண்ணிவிடுகிறது. உள்ளிருந்து வெளியே இழுக்கும்போதுதான் இணைப்பு இறுகுகிறது.

இது மேல்நாட்டார் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியதுதானா என்றால், இல்லை. நம் எழும்பூரில் 1789இல் ஆண்பிள்ளை அநாதை இல்லத்தின் பொறுப்பை ஏற்றவர் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். நம்மவர் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிக் கற்பதை அவர் கண்டார். தம் ஆசிரியர்களிடம் அப்படிச் செய்யச் சொன்னார், அவர்கள் இசையவில்லை. எட்டு வயதுப் பையன் ஒருவனையே சின்ன வகுப்புக்கு ஆசிரியனாக்கினார். தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்குச் சொல்லும் இம்முறையைப் பற்றி 1797இல் இலண்டனில் நூல் வெளியிட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்தெங்கும் பரவிற்று. மணலில் எழுதியது உடனே அழிந்துவிடும். அடுத்தமுறை நினைவிலிருந்துதான் எழுத வேண்டும். அடுத்தவனுக்குச் சொல்வதென்றால் புத்தகம் மூடியிருக்க வேண்டும். சட்டாம்பிள்ளையை வைத்துச் சுவடி ஒப்பித்த நம் திண்ணைப் பள்ளிகளிலும் இந்த வேலையே நடந்தது. அந்தத் திண்ணையில் எங்கள் தெருப் பிள்ளைகளை ஏற்றியிருப்பார்களா என்பது வேறு கேள்வி. ஏற்றியிருக்க மாட்டார்கள். பழைய முறையைப் புகழும் பெரியவர்கள் அதையும் சேர்த்துச் சொன்னால் நன்று. பிரம்பையும் சேர்த்துச் சொல்லலாம்.

அதே சென்னையில், 2003இல், மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி.விஜயகுமார் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார். ஆந்திரத்து ரிஷிவேலியின் கிராமப் பள்ளிகளில் உருவான முறை அது. 2007இல் தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் வந்தது. 2012இல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த நான் அந்தப் பாயில் உட்கார்ந்தவள். சுவரில் கற்றல் ஏணி. தட்டுகளில் படம் போட்ட அட்டைகள். எட்டும் உயரத்தில் கரும்பலகை. நாம் எழுதியதைத் தொங்கவிடக் கம்பிப் பந்தல். எந்த அட்டையில் நிற்கிறோமோ அதை முடித்தால்தான் அடுத்தது. காய்ச்சலில் ஒரு வாரம் போகாவிட்டால், திரும்பி வந்து விட்ட அட்டையிலேயே தொடரலாம்; வகுப்பு நம்மை விட்டுவிட்டுப் போயிருக்காது. ‘பிள்ளைங்க விளையாடிக்கினு கீதுங்க’ என்று பெற்றோர் குறை சொன்னதுண்டு. அட்டை வெறும் சடங்காகிப்போன பள்ளிகளும் உண்டு. குறைகளோடும் அந்த ஏணி எனக்குப் பிடித்திருந்தது. விட்ட இடத்தைக் கேட்கிற ஏணி ஒன்று 2021 நவம்பரில் என் தம்பிக்கு முன்னால் இருந்திருந்தால் என்று நினைத்துக்கொள்கிறேன்.

எங்கள் வீட்டு ஏற்பாடு எளியது. புதுமைப் பெண் திட்டத்து ஆயிரம் ரூபாயில் நாலு நோட்டும் ஒரு சிலேட்டும் வாங்கினேன். மாலையில் நானும் அம்மாவும் பூக்கட்டுவோம். தம்பி புத்தகத்தை மூடிவைத்துவிட்டு அன்றைய கணக்கை அம்மாவுக்குச் சொல்ல வேண்டும். அம்மா கேட்கும் கேள்விகள் எந்த வினாத்தாளிலும் வராதவை. “அந்த எக்ஸு யாரு? அதுக்கு வெல தெரியாதுன்னா அத்த எதுக்குக் கூட்டற?” என்பார். அதற்கு விடை சொல்ல அவன் மூன்று நாள் எடுத்துக்கொண்டான். மூன்று நாளுக்குப் பின் சமன்பாடு அவனுக்குத் தராசாகத் தெரிந்தது. நாலு நாளுக்கு முன் சொன்னதை மறுபடி கேட்போம், பிறகு பத்து நாள் கழித்து, கடல்முயலுக்கு நன்றி. மறந்திருப்பான், திணறுவான். திணறல் நல்லதுதான் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. “தெனம் அவன அழ வெக்கறீங்க” என்றார்.

அரையாண்டில் கணக்கில் முப்பத்து நாலு. தேர்ச்சிக்கு முப்பத்தைந்து வேண்டும். அட்டையைக் கையில் வாங்கி அப்பா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கவரைப்பேட்டைக்குப் போன் செய்து என்ன பேசினாரோ, எங்களிடம் சொல்லவில்லை. மறுநாள் வேலைக்குப் போகும்போது போனை வீட்டில் விட்டுச் சென்றார். அன்றிலிருந்து அது வீட்டில்தான் இருக்கிறது.

இதை எழுதும்போது பொதுத்தேர்வுக்குச் சில வாரங்கள் இருக்கின்றன. பக்கத்து வீட்டு ஆறாம் வகுப்புப் பையன் உழக்கு, ஆழாக்குக் கணக்குக்குத் தம்பியிடம் வருகிறான். எங்கள் பாடம் முக்கோணவியலில் நிற்கிறது. எதிரே உள்ள தென்னைமரத்தின் நிழலை அம்மா கையாலேயே முழம் போட்டார், பதினாறு முழம். தம்பி இரண்டு முழக் குச்சியை நட்டு அதன் நிழலை அளந்தான், ஒரு முழம். மரம் முப்பத்திரண்டு முழம் என்று சிலேட்டில் எழிதிக் காட்டினான். அம்மா நம்பவில்லை. காய் பறிக்க மரம் ஏறுகிறவரிடம் கயிறு கொடுத்து அளக்கச் சொல்லப் போகிறாராம். அவர் மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார், இன்னும் வரவில்லை.